அடுத்த வெர்ஷன் அத்தான்

நீங்கள் லிஃப்டில் ஏறி நாலாவது மாடியில் இறங்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வருமே, அதை ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருக்கிறார் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் நினைத்ததில்லை, அந்த மனிதர் என் அக்காவைக் கட்டிக்கொள்ளும் வரை.

அத்தானுக்கு அதுதான் தொழில். லிஃப்ட், துவைக்கும் இயந்திரம், வங்கியில் டோக்கன் எண் மாறும் பலகை, பேருந்துக் கதவு, மைக்ரோவேவ் அடுப்பு என்று எதெல்லாம் மனிதனைக் கூப்பிடுகிறதோ அதற்கெல்லாம் குரல் கொடுப்பவர். விசிட்டிங் கார்டில் 'ஒலி வடிவமைப்பாளர்' என்று போட்டிருப்பார். அதைப் படித்துவிட்டு மேல் வீட்டுக்காரர், "காலிங் பெல் ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் ரிப்பேர் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அவர் சுபாவம் அப்படி.

ஆரம்பத்தில் பொம்மைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். ரிமோட் கார் முன்னால் போனால் ஒரு பாட்டு, பின்னால் வந்தால் ஒரு பாட்டு. அந்தப் பின்பாட்டைக் கேட்டுக் கேட்டு எத்தனை பெற்றோர் பாட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்தார்களோ, அந்தப் பாவம் அவரைச் சேரும். அங்கிருந்து கதவு மணி, கதவு மணியிலிருந்து லிஃப்ட் என்று படிப்படியாக, லிஃப்டைப் பற்றிப் பேசும்போது வேறெப்படிச் சொல்வது, மேலே வந்தார். வீட்டின் பின்பக்கம் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, செங்கல் மேல் இரண்டு ஸ்பீக்கர்களை ஏற்றி, ஒரு கை உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபது வருஷமாக டிங், டொய்ங், பீப் என்று வாழ்ந்துவருகிறார். அதில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கேலி அதைவிடக் கொஞ்சம் அதிகமாக உண்டு.

'அடுத்த வெர்ஷன்' என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தவன் நான்தான். காரணம் இருக்கிறது. செல்போன் வாங்கச் சொன்னால், "அடுத்த வெர்ஷன் வரட்டும்" என்பார். கண்ணாடி பவர் மாற்றச் சொன்னால்கூட, லென்ஸில் புதுசாக ஏதோ வரப்போகிறதாம், பொறுத்துப் பார்க்கலாம் என்பார். என் அக்காவுக்கு முப்பத்தொரு வயதாகும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதும் இந்தப் புத்தியால்தான் என்று அவளே சொல்வாள். "என்னோட அடுத்த வெர்ஷன் வர்ற மாதிரி தெரியலன்னதும் தாலி கட்டிட்டார்டா."

இப்போது நான் சொல்லப்போவது அவர் காத்திருந்ததிலேயே பெரிய காத்திருப்பைப் பற்றி.

சின்தசைசர் என்று ஒன்று உண்டு. எந்த வாத்தியத்திலும் இல்லாத ஓசையை மின்சாரத்தால் உண்டாக்கும் பெட்டி. முன்பு மேஜை அகலத்துக்கு இருந்தது. இப்போது அதையே மென்பொருளாக்கி, கம்ப்யூட்டரில் இருக்கும் இசைச் செயலிக்குள் செருகிக்கொள்கிற மாதிரி விற்கிறார்கள். ப்ளகின் என்று பெயர். அத்தான் வைத்திருந்த ப்ளகினுக்கு எட்டு மாதம் முன்பு புது வெர்ஷன் அறிவித்தார்கள். அதன் பெயரை நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு இலவச விளம்பரம் செய்ய எனக்கு மனசில்லை. எங்கள் வீட்டில் அதற்கு 'அது' என்றுதான் பெயர். "அது எப்ப வருது?" "அது வந்துருச்சா?" "அது வந்தாத்தான் எனக்கு விடிவு." வெளியாள் கேட்டால் வீட்டில் யாரோ பிரசவத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்.

அறிவிப்போடு ஒன்பது வினாடி வீடியோ ஒன்று வந்தது. கறுப்புத் திரை, அதில் மெதுவாக ஒரு நீல வட்டம், ஒரு நீண்ட ஓசை, பிறகு 'விரைவில்'. அவ்வளவுதான். இதை அத்தான் அறுபது தடவையாவது பார்த்திருப்பார். நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பெரிதாக்கி, வட்டத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த பட்டன்களை எண்ணினார். "பழசுல பதினாறு, இதுல பத்தொன்பது. அந்த மூணு என்னன்னு தெரியலயே மாப்ளே!" உலகம் முழுக்க அதே மூன்று பட்டன்களைப் பற்றி இணைய மன்றம் ஒன்றில் முந்நூறு பக்கம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மன்றத்தில் அத்தான் பெரிய மனிதர். நாற்பத்தொரு கோரிக்கைகள் வைத்திருந்தார். அதில் ஒன்றுக்கு மட்டும் அதைத் தயாரிப்பவர்களே பதில் போட்டிருந்தார்கள்: 'நல்ல யோசனை. பார்க்கிறோம்.' அதை அச்செடுத்து மெத்தைச் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். எங்கள் அக்கா பையன் பட்டம் வாங்கிய படம் அதற்குக் கீழேதான் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயங்கள் கசிந்தன. வார்த்தையைத் தட்டினால் ஓசையைத் தேடிக் கொடுக்குமாம். 'ஈரமான கண்ணாடி' என்று போட்டால் ஈரமான கண்ணாடி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துமாம். நேற்று அழித்த ஓசையை இன்று மீட்கலாமாம். ஓர் ஓசையைத் தானியம் தானியமாக உதிர்த்துத் திரும்பச் சேர்க்கலாமாம். எல்லாவற்றுக்கும் மேலே, 'காற்று' என்று ஒரு குமிழ். அதைத் திருகினால் ஓசையின் மேல்விளிம்பு, அந்த மினுக்கு, அந்தப் பளபளப்பு, அப்படியே தூக்கிக்கொண்டு நிற்குமாம்.

"இதுதான் மாப்ளே," என்றார் அத்தான். "இத்தனை நாளா நான் தேடிட்டு இருந்தது இதைத்தான். இப்ப இருக்கிறதுல எல்லாமே மந்தமா இருக்கு. போர்வையைப் போத்திட்டுப் பேசுற மாதிரி. முன்ன இப்படி இல்ல. அப்டேட் பண்றேன் அப்டேட் பண்றேன்னு கெடுத்து வச்சிருக்கானுங்க."

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் காது பரிசோதிப்பவன். கடைத்தெருவில், கண்ணாடிக் கடைக்கும் புகைப்படக் கடைக்கும் நடுவில் என் இடம். உள்ளே ஓசை புகாத ஒரு சின்ன அறை. அதில் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக விடுவேன். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். 'போர்வையைப் போத்திட்டுப் பேசுற மாதிரி' என்ற வாக்கியத்தை அந்த அறை வாசலில் நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். டி.வி. கெட்டுவிட்டது என்பார்கள், போன் சரியில்லை என்பார்கள், மருமகள் முணுமுணுக்கிறாள் என்பார்கள். மென்பொருளைக் குறைசொல்லி நான் கேட்டது அத்தானிடம்தான் முதல் தடவை.

எனக்குச் சந்தேகம் தட்டியது அதற்கும் ஒரு வாரம் முன்பு. அக்கா வீட்டில் துவைக்கும் இயந்திரம் வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்டது. மேலே ஏறி இறங்கும் நாலு சின்ன ஸ்வரம். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி கூப்பிட்டது. மறுபடியும் புரட்டினார். மறுநாள் அக்கா, "துணி ராத்திரி பூரா உள்ளயே கிடந்து நாறுது, காதுல என்ன வச்சிருக்கீங்க?" என்று கத்தினாள். "அது கூப்பிடவே இல்லையே," என்றார் அவர். விஷயம் என்னவென்றால், அந்த நாலு ஸ்வரமும் அவர் போட்டது. பெற்ற பிள்ளை பக்கத்தில் நின்று கூப்பிட்டது அவருக்கு விழவில்லை.

இது எப்படி இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனது என்றால், அதற்கு அக்காதான் காரணம். அக்கா நீச்சல் பயிற்சியாளர். தலையை முக்கிக்கொண்டு கை காலை அடிக்கும் முப்பது பேருக்கு, குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கேட்கிற மாதிரி கத்திக் கத்தி, அவளுக்கு வேறு குரலே மறந்துவிட்டது. "உப்பு எடுங்க" என்று அவள் சொன்னால் தெருமுனையில் இருப்பவர் எடுத்துக்கொண்டு வருவார். இப்படி ஒரு மனைவி இருக்கும் வீட்டில் காது மந்தமானால் யாருக்குத் தெரியும்?

துணி நாறிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரார் காதுக்கெல்லாம் முகத்துக்கு நேரே தீர்ப்பு எழுதுகிறவன், அத்தான் காது என்றதும் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தச்சருக்குக் காது போனால் அவர் தச்சர்தான். இவருக்குப் போனால் இவர் யார்?

இதற்கு நடுவில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. இருநூறு கட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு பட்டன். நோயாளி அழுத்தினால் நர்ஸ் உட்காரும் இடத்தில் ஒலிக்க வேண்டும். பழைய மணி நெருப்புப் பிடித்த மாதிரி அலறுகிறதாம், நல்லதாக ஒன்று வேண்டும் என்று அத்தானைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"இத்தனை வருஷமா நான் செஞ்சதெல்லாம் சும்மா மாப்ளே," என்றார். "லிஃப்ட்ல டிங் வரலேன்னாலும் கதவு திறக்கும். பஸ்ல சத்தம் வரலேன்னாலும் ஆளு இறங்கிடுவாங்க. இது அப்படி இல்ல. இது கேக்கலேன்னா ஒருத்தர் வர மாட்டாங்க. ஒருத்தர் படுத்துக்கிட்டு அழுத்திட்டே இருப்பாரு."

செய்து கொடுத்தார். ஒரு வார்டில் மட்டும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். நர்ஸ்கள் ஸ்பீக்கர் மேல் பஞ்சை வைத்து, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்களாம். "ஸ்பீக்கருக்கு அடிபட்டுருச்சாம்" என்றார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. பின்னாலேயே கடிதம் வந்தது. ஒலி மிகவும் கூர்மையாக உள்ளது, காதைக் குத்துகிறது, மாற்றித் தரவும் என்று. மாற்றிக் கொடுத்தார். முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது என்றார்கள். மறுபடி மாற்றினார். அதைவிட மோசம் என்றார்கள். கடைசியாக, அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சரியான ஒலி வராவிட்டால் பழைய மணியே இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள்.

மூன்றாவதை எனக்குப் போட்டுக் காட்டினார். அழகான இரண்டு ஸ்வரம். 'இதோ வருகிறேன்' என்று யாரோ சொல்கிற மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது, அடிப்பகுதி. மேலே ஓர் ஊசி. என் கடைவாய்ப் பல் கூசியது. அவருக்கு மேல்பகுதி, அந்தக் கீச்சென்ற உச்ச ஓசைகள், கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் ஏற்றியிருக்கிறார். நர்ஸ்கள் குறை சொன்னதும், ஒலி மந்தமாக இருப்பதால்தான் பிடிக்கவில்லை போலும் என்று இன்னும் ஏற்றியிருக்கிறார்.

"குத்துதுன்னு தெளிவா எழுதியிருக்காங்களே அத்தான்?"

"அவங்களுக்குச் சொல்லத் தெரியல மாப்ளே. எங்க தொழில்ல வாடிக்கையாளர் ஒண்ணு சொல்வாங்க, அர்த்தம் வேற ஒண்ணா இருக்கும். தெளிவில்லன்னு சொல்ல வர்றாங்க. எனக்கே தெளிவில்லயே."

அன்றைக்குத்தான் துணிந்து கேட்டேன். "ஒருநாள் கடைப்பக்கம் வாங்களேன். சும்மா ஒரு டெஸ்ட். அரை மணி நேரம்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "கருவியில குறையை வச்சிட்டு காதைச் சொல்லாத," என்றார். "அது வரட்டும். காற்றுன்னு குமிழ் இருக்குல்ல? அதைத் திருகியும் எனக்கு வித்தியாசம் தெரியலேன்னு வை, மறுநாளே உன் கூண்டுல வந்து உக்கார்றேன். வாக்கு."

நல்ல வாக்கு. எனக்கும் அது ரொம்ப வசதியாகப் போயிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் தேதி வரும் என்றார்கள், வரவில்லை. அடுத்த மாதம் இருபத்திரண்டு என்றார்கள், வரவில்லை. பிறகு ஓர் அறிக்கை விட்டார்கள்: 'நீங்கள் எதிர்பார்க்கும் தரத்தில் தரவே தாமதிக்கிறோம்.' அத்தான் மன்றத்தில் நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதினார். நான் வெளியே "அடடா" என்று உச்சுக்கொட்டிவிட்டு, உள்ளுக்குள் அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஒவ்வொரு தடவை அது தள்ளிப்போனபோதும் நான் சொல்ல வேண்டியதும் கூடவே தள்ளிப்போயிற்று. தயாரிப்பாளர்களை அவர் மட்டும்தான் திட்டினார். நான் மனசுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இருபத்தாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு அது வந்தேவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நாலு நாள் பாக்கி.

நான் கடையை அரைநாள் பூட்டிவிட்டுப் போனேன். அக்கா குளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தலை ஈரம், கழுத்தில் விசில். அத்தான் சலவைச் சட்டை போட்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார எதற்குச் சலவைச் சட்டை என்று கேட்க நினைத்து, அவர் அதன் காலரை இழுத்து நேராக்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

புது மென்பொருள் எதுவும் லேசில் உள்ளே வராது. முதலில் இறங்க வேண்டும், அதுவே நாற்பது நிமிஷம். பிறகு உரிம எண் கேட்டது. கொடுத்தார், தப்பு என்றது. மறுபடி கொடுத்தார், இந்த எண்ணை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்துகிறார் என்றது. "அந்த ஒருவர் நான்தான்யா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். பிறகு கம்ப்யூட்டரை ஒருதடவை நிறுத்திப் போடச் சொன்னது. போட்டார். வரவேற்புத் திரை வந்தது, புதுமைகளைச் சுற்றிக் காட்டட்டுமா என்று கேட்டது. "எனக்கா?" என்றார் அத்தான். வேண்டாம் என்பதை அழுத்தினார். எட்டு மாதம் படம் பார்த்தே படித்தவருக்கு யார் சுற்றிக் காட்டுவது?

நீல வட்டம் தோன்றியது. பத்தொன்பது பட்டன்களும் இருந்தன. ஆஸ்பத்திரி ஒலியை உள்ளே ஏற்றினார். இடது கையால் இசைக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். ஸ்பீக்கரில் அந்த இரண்டு ஸ்வரமும் திரும்பத் திரும்ப வந்தன, முதன்முதலில் நர்ஸ்களுக்குக் கொடுத்த பழைய வடிவம்தான், கொஞ்சம் கூர்மை, தாங்கலாம். வலது கையால் மவுஸைப் பிடித்து, 'காற்று' குமிழை மெல்லத் திருக ஆரம்பித்தார். கால்வாசி, அரைவாசி, முக்கால், முழுசாக.

கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மாடி," என்றார். "கேக்குதா? திரையை விலக்கின மாதிரி இல்ல? பாரு, பாரு, அந்த ரெண்டாவது ஸ்வரத்தோட வால்ல... மினுக்குது பாரு. இதுதான். இதைத்தான் நான் எட்டு மாசமா சொல்லிட்டு இருந்தேன்."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் தொழிலே கேட்பதுதான். ஒரு மாற்றமும் இல்லை. அவர் குமிழைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றினார். "இப்ப இல்ல... இப்ப இருக்கு. இப்ப இல்ல... இப்ப இருக்கு. எவ்வளவு வித்தியாசம்!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அக்கா பையன் பிறந்த அன்று பார்த்தது, அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகுதான் என் கண்ணில் பட்டது. அந்த மென்பொருளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சின்ன விசை உண்டு. அதைத் தட்டினால் ஆரஞ்சு நிறத்தில் எரியும். எரிந்தால்தான் அந்தப் பகுதி வேலை செய்யும். இல்லையென்றால் குமிழ் அழகாகச் சுற்றும், வேறு ஒன்றும் நடக்காது. 'காற்று' பக்கத்தில் இருந்த பொட்டு எரியவில்லை. அணைந்த குமிழைத் திருகித்தான் மனிதர் உருகிக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் இதைச் செய்திருப்பார்கள் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டு, வேறு யாரையோ பற்றி.

அக்காவைப் பார்த்தேன். அவளும் அந்தப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது தடவை வீடியோ பார்த்தவர் பக்கத்தில் அறுபது தடவை உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு அந்தத் திரையில் தெரியாத பட்டன் கிடையாது.

அவள் வாயைத் திறந்தபோது, தெருவே கேட்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் என் அக்காவிடமிருந்து இருபத்தைந்து வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு குரல் வந்தது. மெல்லிய, சாதாரணமான, எல்லா வீட்டிலும் எல்லா மனைவிகளும் பேசுகிற குரல்.

"அது இன்னும் ஆன் ஆகலீங்க," என்றாள்.

அவர் முதுகுக்கு இரண்டடி பின்னால் நின்று சொன்னாள். அவர் திரும்பவில்லை. குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க," என்றாள், அதே குரலில். "நான் பேசுறது கேக்குதா?"

"பாரு மாப்ளே, அந்த வாலைக் கேளு," என்றார் அவர், கண்ணை மூடியபடியே.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பொட்டைத் தட்டினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. குமிழ் முழு உச்சத்தில் இருந்தது.

அதை ஒலி என்று சொல்ல முடியாது. தகரத்தை அறுக்கிற மாதிரி ஒன்று மண்டைக்குள் புகுந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அக்காவும் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். அத்தான் கட்டையை அழுத்தியபடி, கண்ணை மூடி, லேசாகத் தலையாட்டிக்கொண்டு, அதே புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

தோளில் கை பட்டதால் இருக்கலாம், கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்து திரும்பினார். காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"என்ன?" என்றார்.

திரையைப் பார்த்தார். ஆரஞ்சுப் பொட்டைப் பார்த்தார். கட்டையிலிருந்து கையை எடுத்தார். அறை அமைதியானது.

"இது எப்ப எரிஞ்சுது?"

"இப்பத்தாங்க," என்றாள் அக்கா, பழைய குளத்துக் குரலில்.

அவர் கட்டையை மறுபடி அழுத்தினார். பொட்டைத் தட்டி அணைத்தார். எங்களைப் பார்த்தார். தட்டி ஏற்றினார். எங்களைப் பார்த்தார். திரையை அவர் பார்க்கவே இல்லை. அணைத்தபோது எங்கள் முகம் தளர்வதையும் ஏற்றும்போது சுருங்குவதையும் நாலைந்து தடவை பார்த்தார். நான் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "நடிக்காத மாப்ளே," என்றார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். மேஜை மேல் கிடந்த, உள்ளங்கை அகலத்துக்குக் குமிழ்கள் வைத்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் இருப்பதைக் கையால் திருக வைத்திருப்பது அது. ஒலி தானாகவே திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டுவிட்டு, நாற்காலியை முழுசாகத் திருப்பி, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "கையை எடு," என்றார். "முகத்தை மறைக்காத."

அக்கா கையை எடுத்தாள். அவர் குமிழைக் கொஞ்சம் இறக்கினார். அவள் நெற்றி அப்படியே சுருங்கி இருந்தது. இன்னும் இறக்கினார். இன்னும் கொஞ்சம். காற்றை மட்டும் இல்லை, இத்தனை நாள் ஏற்றி வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்தார். ஊசி தேய்ந்துகொண்டே வந்தது. எங்கேயோ ஓர் இடத்தில் அது போய், அந்த இரண்டு ஸ்வரம் மட்டும் நின்றது. அக்காவின் புருவம் இறங்கியது. வாய் லேசாகத் திறந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அது குளத்துத் தண்ணீர் இல்லை.

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"இதானா?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்கு அதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல," என்றார் அத்தான். அதை என்னிடம் சொன்னாரா, அவளிடம் சொன்னாரா, தெரியவில்லை. அந்த ஒலியை அப்படியே சேமித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நர்ஸ்கள் அதன் மேல் எதையும் ஒட்டவில்லை. ஆனால் அது நாலு நாள் கழித்துத் தெரிந்த விஷயம். அப்போது எங்களுக்கு அந்த நினைப்பே இல்லை.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "ஆறு மாசமா," என்றேன்.

"ஏன் சொல்லல?"

"அது வரட்டும்னு நீங்க சொன்னீங்க. எனக்கும் அதுதான் நல்லதுன்னு பட்டுச்சு. பயமா இருந்துச்சு அத்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சலவைச் சட்டையின் கையை மடித்து மடித்து முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி இருந்தது.

"சரி. நாளைக்கு உன் கடைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒன்பது," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எத்தனை?" என்றார்.

நான் கிட்டப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி சொன்னேன்.